தொலைநோக்கி பொருத்திய வேட்டைக் கைத்துப்பாக்கி: உடைமையும் பராமரிப்பும்

கைத்துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் எமது நாட்டு வாசகர்களின் மனக்கண்ணில் தோன்றுவது, இடுப்பில் செருகிச் சட்டையால் மறைத்துவிடத்தக்க சிறியதோர் ஆயுதமேயாகும். மூன்று தசாப்தகால யுத்தத்தினூடாக அச்சொல்லுக்கு இங்கு ஏற்பட்டுவிட்ட பொருள் அது. வேட்டை என்று வரும்போது எம்மவர்க்கு நினைவில் வருவது வன்னியிலும் கிழக்கிலும் பயிர்காவலுக்கு வைத்திருந்த இடியன் துவக்கு அல்லது இரட்டைக்குழல் துவக்கு. ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட விசித்திரமான ஆயுதமொன்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்திலுள்ளது. ரைபிளுக்குரிய போல்ட் பொறியும், ரைபிளுக்குரிய தோட்டாவும், மேலே தொலைநோக்கியும் கொண்டிருந்தும், தோளில் ஊன்றும் கட்டை மாத்திரம் இல்லாத கைத்துப்பாக்கியே அதுவாகும். அமெரிக்காவில் குடியேறியுள்ள உறவினர்களின் வாயிலாக இத்தகைய வேட்டைக் கருவிகள் பற்றிக் கேள்விப்படும் வாசகர்கள் இன்று பலர். ஆகையால் இதன் தோற்றம், இதனைச் சுற்றியுள்ள சட்டம், இதனை உடைமையாக வைத்திருப்பவர் மீதுள்ள பொறுப்பு ஆகியவற்றைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

போல்ட் எனப்படுவது வேறொன்றுமன்று. கதவுத் தாழ்ப்பாளைப் போன்று கையால் உயர்த்திப் பின்னிழுத்து, மீண்டும் முன்தள்ளிக் கீழ்நோக்கிப் பூட்டப்படும் உருக்குத் தண்டே. அதன் முனையிலுள்ள தடித்த காதுகள் குழலின் பின்புறத்தில் சென்று பூட்டிக்கொள்வதால், மிகுந்த அமுக்கத்தைத் தாங்கும் வல்லமை இப்பொறிக்கு உண்டு. சாதாரண கைத்துப்பாக்கிகளின் பொறிகள் இவ்வளவு அமுக்கத்தைத் தாங்கமாட்டா. எனவேதான் ரைபிள் தோட்டாவைக் கைத்துப்பாக்கியில் பயன்படுத்த விரும்பியவர்கள் போல்ட் பொறியை நாடினர்.

இவ்வகையில் தொழிற்சாலை உற்பத்தியாக வெளிவந்து பெரும் புகழ் பெற்றது ரெமிங்டன் நிறுவனத்தின் எக்ஸ்பி-100 ஆகும். 1963 இல் அது சந்தைக்கு வந்தபோது, நைலோன் வார்ப்பினாலான அதன் பிடிக்கட்டையையும் வளைந்த போல்ட் கைப்பிடியையும் கண்டோர், விண்வெளிச் சித்திரக்கதைகளில் வரும் ஆயுதமெனக் கேலி செய்ததுண்டு. அக்கேலி நீண்டநாள் நிலைக்கவில்லை. அதன் குழல் 11 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவானது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டாவை மாத்திரமே இடலாம். முதலில் .222 ரெமிங்டன் தோட்டாவையே அதற்குப் பயன்படுத்த எண்ணினர். ஆனால் அவ்வளவு குறுகிய குழலுக்குள் வெடிமருந்து முழுவதும் எரிந்து முடியாமல், குழல் வாயில் பெருஞ்சுவாலையும் பேரொலியும் எழுந்தன. ஆகவே அத்தோட்டாவின் கோதைக் குறுக்கி .221 ஃபயர்போல் எனும் புதிய தோட்டாவை உருவாக்கினர். 50 கிரெய்ன், அதாவது சுமார் 3.2 கிராம் எடையுள்ள சன்னத்தை அது செக்கனுக்கு ஏறத்தாழ 800 மீற்றர் வேகத்தில் செலுத்தியது. 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியின் வேகத்தைவிட இது இருமடங்குக்கும் அதிகமாகும்.

இவ்வாயுதத்தின் வளர்ச்சிக்கு உந்துதலளித்தது வேட்டை மாத்திரமன்று. மெக்சிகோவில் தோன்றி எல்லை தாண்டி வந்த உலோக உருவ இலக்குப் போட்டிகளுக்கும் இதில் பெரும் பங்குண்டு. கைத்துப்பாக்கிக்கான இப்போட்டிகளை ஒழுங்கமைக்கும் சர்வதேசச் சங்கம் 1976 இல் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. 50 மீற்றரில் கோழி, 100 இல் பன்றி, 150 இல் வான்கோழி, 200 இல் செம்மறிக்கடா என உருக்குத் தகட்டில் வெட்டப்பட்ட உருவங்களைச் சுட வேண்டும். சன்னம் பட்டால் மாத்திரம் போதாது. உருவம் கீழே சாய்ந்தாலே புள்ளி கிடைக்கும். கனத்த உருக்குக் கடாவை 200 மீற்றருக்கு அப்பால் சாய்ப்பதற்குச் சாதாரண ரிவோல்வர் திணறியது. 1980 அளவில் 7 மில்லிமீற்றர் தோட்டாவுடன் எக்ஸ்பி-100 வெளிவந்தமைக்கு இப்போட்டிகளே காரணம் எனலாம்.

1998 இல் எக்ஸ்பி-100 உற்பத்தி நின்றது. அதேவேளையில் சாவேஜ் நிறுவனம் ஸ்ட்ரைக்கர் எனும் கைத்துப்பாக்கியை அறிமுகப்படுத்தியது. அதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. வலக்கையால் பிடித்துச் சுடுபவர் வலப்புறத்திலுள்ள போல்ட்டை இயக்குவதற்குப் பிடியை விட்டு ஒவ்வொரு முறையும் கையை எடுக்கவேண்டியிருந்தது. ஸ்ட்ரைக்கரில் போல்ட் கைப்பிடி இடப்புறமும், கோது வெளியேறும் வாய் வலப்புறமும் அமைக்கப்பட்டமையால், வலக்கை பிடியிலிருக்க இடக்கையே மற்றதைச் செய்துவிடும். சிறியதொரு மாற்றம்தான், ஆயினும் பயனாளியின் இடத்திலிருந்து சிந்தித்த பொறியியலாளரின் மாற்றம் அது. ஸ்ட்ரைக்கரும் சில ஆண்டுகளே நீடித்தது. 2010களின் பிற்பகுதியில் நொஸ்லர், ரெமிங்டன் ஆகிய நிறுவனங்கள் இவ்வகையை மீண்டும் வெளியிட்டன. பின்னர் 2020 இல் ரெமிங்டன் வங்குரோத்தாகி, அதன் துப்பாக்கிப் பிரிவும் தோட்டாப் பிரிவும் வெவ்வேறு உரிமையாளர்களிடம் சென்றன. எனவே இன்று இத்துப்பாக்கியை வாங்க விரும்புவோருக்குப் பெரும்பாலும் கிடைப்பது பழையது, அல்லது துப்பாக்கிக் கம்மியர் ஒருவர் தனிப்பட அமைத்துக் கொடுப்பது.

தோள்கட்டையும் சட்டமும்

ரைபிளின் பொறியும் தோட்டாவும் இருக்கையில், தோள்கட்டை ஒன்றைப் பூட்டிவிட்டால் எவ்வளவு வசதியாயிருக்கும் என்ற எண்ணம் எவருக்கும் எழுவது இயல்பே. அமெரிக்கச் சட்டத்தில் மிகக் கடுமையான கோடு கீறப்பட்டிருப்பதும் அவ்விடத்திலேதான். 1934 ஆம் ஆண்டின் தேசிய சுடுகலன் சட்டம் இயற்றப்பட்ட காலம், மதுவிலக்குக் காலக் குண்டர் குழுக்களின் அட்டகாசம் மக்கள் மனதில் நிலைத்திருந்த காலம். ஆரம்பச் சட்டமூலத்தில் எல்லாக் கைத்துப்பாக்கிகளையும் பதிவுசெய்ய வேண்டுமென்றிருந்தது. அவ்வாறாயின் ரைபிளின் குழலையும் கட்டையையும் அறுத்துச் சிறிதாக்கிச் சட்டத்தை ஏய்ப்பார்களென்பதால், குறுங்குழல் ரைபிள்களும் சேர்க்கப்பட்டன. எதிர்ப்புக் காரணமாகக் கைத்துப்பாக்கிகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. குறுங்குழல் ரைபிள்களோ பட்டியலிலேயே தங்கிவிட்டன. வேலி அகற்றப்பட்ட பின்னரும் படலை மாத்திரம் பூட்டியிருப்பது போன்றதொரு நிலை இது.

ஆரம்பத்தில் 18 அங்குலமாக இருந்த எல்லை 1960 இல் 16 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. தோள்கட்டையுள்ள ரைபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைவாயின், அதனைச் சமஷ்டி அரசிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பதிவுசெய்ய வேண்டும். 200 டொலர் வரியும் அதற்கு நீண்டகாலமாக விதிக்கப்பட்டு வந்தது. 2025 இல் நிறைவேற்றப்பட்ட வரிச்சட்டத்தின் மூலம் 2026 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து அவ்வரி பூச்சியமாக்கப்பட்டது. ஆயினும் பதிவு என்ற கடமை அகலவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பதிவின்றித் தோள்கட்டை பூட்டுபவர் பத்தாண்டுகள் வரை சிறை செல்ல நேரிடலாம். வரி போய்விட்டது, ஆகவே தடையும் போய்விட்டது எனக் கருதுவோர் இதனை மறத்தலாகாது.

இக்கோடு எவ்வளவு நுண்ணியது என்பதை 1992 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று காட்டும். தொம்சன் சென்டர் நிறுவனம் கைத்துப்பாக்கியொன்றையும், அதனை ரைபிளாக மாற்றத்தக்க 21 அங்குலக் குழலையும் தோள்கட்டையையும் ஒரே பொதியாக விற்றது. குறுங்குழலையும் தோள்கட்டையையும் ஒருங்கே பூட்டினால் தடைசெய்யப்பட்ட ஆயுதமாகிவிடுமே என்பது அரசின் வாதம். நிறுவனம் 200 டொலர் வரியைச் செலுத்திவிட்டு, அதனைத் திரும்பக் கோரி வழக்குத் தொடுத்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவற்றிருக்கும்போது ஐயத்தின் பயன் குடிமகனுக்கே செல்லவேண்டும் எனும் கோட்பாட்டின்படி நிறுவனம் வென்றது. 200 டொலருக்காக உச்ச நீதிமன்றம்வரை சென்ற வழக்கு எனச் சிரிப்போர் உளர். அதில் தங்கியிருந்தது பல்லாயிரம் உரிமையாளர்களின் சட்ட நிலை.

கைத்துப்பாக்கியாகக் கணிக்கப்படுவதால் வரும் வேறு விளைவுகளும் உள. 1968 ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, அனுமதிபெற்ற வணிகரொருவர் 18 வயது நிரம்பியவருக்கு ரைபிளை விற்கலாம். கைத்துப்பாக்கிக்கோ 21 வயது வேண்டும். வேறு மாநிலத்தில் கண்டு விரும்பிய கைத்துப்பாக்கியை அங்கேயே வாங்கி எடுத்துவர இயலாது. சொந்த மாநிலத்திலுள்ள அனுமதிபெற்ற வணிகரூடாகவே பெறவேண்டும். பரம்பரைச் சொத்தாக மரணசாசனம் மூலம் வருவது இதற்கு விதிவிலக்கு. எம்மவர் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு விடயம்: நிரந்தர வதிவிட உரிமை பெற்றவருக்கும், மாணவராகவோ தொழில் நிமித்தமோ தற்காலிக விசாவில் சென்றவருக்கும் இதில் பெரும் வேறுபாடுண்டு. தற்காலிக விசாவிலிருப்பவர் துப்பாக்கியை வைத்திருப்பதே பொதுவாகச் சமஷ்டிக் குற்றம். மாநிலமொன்றின் செல்லுபடியான வேட்டை அனுமதிப்பத்திரம் பெற்றிருப்பது விதிவிலக்குகளில் ஒன்றாகும். நண்பரின் வீட்டில் விளையாட்டாகக் கையிலெடுப்பதற்கு முன்னர் இதனைச் சிந்தித்தல் நன்று.

வேட்டைச் சட்டமோ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இலினோய் மாநிலத்தில் நெடுங்காலமாக மான் வேட்டைக்கு ரைபிள் அனுமதிக்கப்படவில்லை. சமதரையான விவசாய நிலத்தில் குடியிருப்புகள் சிதறிக் கிடப்பதால், தவறிய சன்னம் தொலைதூரம் சென்றுவிடும் என்பதே அச்சம். அதேவேளை, குறித்த அளவுக்குட்பட்ட தோட்டாக்களைப் பயன்படுத்தும் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கிகளுக்கு அங்கு இடமிருந்தது. 2023 இலேயே ஒற்றைத் தோட்டா ரைபிள்களுக்கும் அனுமதி கிடைத்தது. பிரித்தானியாவின் அனுபவம் இதற்கு முற்றிலும் மாறானது. 1996 மார்ச்சில் ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் நகர ஆரம்பப் பாடசாலையில் 16 சிறார்களும் ஆசிரியை ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997 இன் சட்டத்திருத்தங்கள் வட அயர்லாந்து தவிர்ந்த பகுதிகளில் கைத்துப்பாக்கி உடைமையை ஏறத்தாழ முற்றாகவே ஒழித்துவிட்டன. ஒரே கருவியை ஒரு நாடு விளையாட்டுப் பொருளாகவும் மறுநாடு தடைசெய்யப்பட்ட பொருளாகவும் நோக்குவதற்கு அக்கருவியின் இயல்பைவிட அந்நாடு கண்ட துயரமே காரணமாகிறது.

கண்ணும் காதும்

ரைபிளுக்குரிய தொலைநோக்கியை இத்துப்பாக்கியில் அப்படியே பொருத்துவது ஆபத்தானது. ரைபிள் தொலைநோக்கியில் முழுமையான காட்சியைக் காண கண்ணை மூன்று நான்கு அங்குலத் தொலைவுக்குக் கொண்டுவர வேண்டும். தோள்கட்டையின் தடையில்லாத துப்பாக்கி பின்னுதைக்கும்போது, அத்தொலைவிலுள்ள தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும். ஆகவே கைத்துப்பாக்கிக்கென 30 முதல் 60 சென்ரிமீற்றர் வரையான கண் தொலைவுடன் தனியாகத் தொலைநோக்கிகள் செய்யப்படுகின்றன. கை நீட்டிப் பிடித்த நிலையில் அவற்றினூடே பார்க்கலாம். ஆனால் இவ்வசதிக்கு விலையுண்டு. பார்வைப் பரப்பு குறுகிவிடும். உருப்பெருக்கம் கூடக்கூடக் கண்ணைச் சரியான இடத்தில் வைப்பது கடினமாகும். அந்திக் கருக்கலில் காட்சி மங்கும். இரண்டு முதல் நான்கு மடங்கு உருப்பெருக்கமே வேட்டைக்குப் பெரும்பாலும் போதுமானது. பன்னிரண்டு மடங்கு வேண்டுமென்று விற்பனையாளர் சொல்வதைக் கேட்டு வாங்குபவர், மானைத் தேடுவதிலேயே நேரத்தைக் கழிக்க நேரிடும்.

இதனை நின்றவாறு கை நீட்டிச் சுடுவதாக எண்ணுவதும் தவறு. தொலைநோக்கியோடு இரண்டரைக் கிலோவையும் எட்டக்கூடிய பொருளை நீட்டிய கரங்களில் அசையாது பிடிக்க எவராலும் நெடுநேரம் முடியாது. மணல்மூட்டை, இருகால் தாங்கி, முக்காலி, மரக்கிளை என ஏதாவதொன்றின் மேல் ஊன்றியே சுடவேண்டும். ஊன்றுவதற்கு எதுவும் இல்லாத இடத்தில் சுடாதிருப்பதே வேட்டைக்காரனின் கடமை.

ஒலியைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே கூறவேண்டியுள்ளது. கணநேர ஒலி 140 டெசிபலைத் தாண்டினால் செவிப்புலன் மீளாச் சேதமடையலாம் என்பது தொழிற்சுகாதாரத் துறையினர் ஏற்றுக்கொண்ட எல்லை. ரைபிள் தோட்டா குறுகிய குழலில் வெடிக்கும்போது ஒலி 160 டெசிபலையும் எட்டும். குழல் வாயில் பின்னுதைப்பைக் குறைப்பதற்கெனப் பொருத்தப்படும் துளைக்குமிழ் வாயுவைப் பக்கவாட்டில் திருப்புவதால், சுடுபவரின் செவிக்கு வரும் ஒலி மேலும் கூடுகின்றது. காதினுள் செருகும் அடைப்பானும் அதன் மேல் காதுமூடியும் ஒருங்கே அணிவது இங்கு மிகையான எச்சரிக்கை அன்று. ஒரே ஒரு வெடிதானே என்று வெறுங்காதோடு சுட்ட முதியோர் பலர் இன்று காதில் ஓயாத இரைச்சலுடன் வாழ்கின்றனர்.

குழல் குறுகும்போது சன்னத்தின் வேகமும் குறைகின்றது. .308 தோட்டாவை எடுத்துக்கொண்டால், 24 அங்குல ரைபிள் குழலில் 150 கிரெய்ன் சன்னம் செக்கனுக்கு ஏறத்தாழ 850 மீற்றர் வேகம் பெறும். 15 அங்குலக் கைத்துப்பாக்கிக் குழலில் அது 760 மீற்றர் அளவிலேயே இருக்கும். தாளில் துளையிடுவதற்கு இது பொருட்டன்று. விலங்கின் உடலில் சன்னம் விரிவடைந்து உடனடி மரணத்தை விளைவிப்பதற்கோ குறைந்தபட்ச வேகமொன்று வேண்டும். பல சன்னங்களுக்கு அது 550 முதல் 600 மீற்றர். ரைபிளால் 300 யாரில் சரியாக இயங்கும் அதே சன்னம், கைத்துப்பாக்கியிலிருந்து சென்றால் அத்தூரத்தில் விரிவடையாமல் ஊசிபோல் துளைத்துச் செல்லலாம். மான் ஓடி மறைந்து, எங்கோ பற்றைக்குள் பல மணிநேரம் துடித்துச் சாகும். 100, 150 யாருக்கு அப்பால் சுடுவதில்லை என்று அனுபவமுள்ளோர் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்வது இதனாலேயே.

இவ்விடத்தில் ஈயம் பற்றிய பிரச்சினையும் வந்து சேர்கின்றது. ஈயச் சன்னம் உடலினுள் சிதறும்போது கண்ணுக்குப் புலனாகாத துகள்கள் இறைச்சியில் பரவுகின்றன. 2008 இல் வட டகோட்டா மாநிலச் சுகாதாரத் திணைக்களம், ஏழைகளுக்கென வேட்டைக்காரர்கள் அன்பளிப்புச் செய்த அரைத்த மான் இறைச்சியைப் பயன்படுத்தாது அகற்றுமாறு உணவு வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயச் சன்னங்களை முற்றாகத் தடைசெய்துள்ளது. மாற்றீடாக வந்த செப்புச் சன்னங்களோ ஈயத்தைவிடக் கடினமானவை; விரிவடைய அதிக வேகம் கேட்பவை. வேகம் குறைந்த குறுங்குழலுக்கு இது இரட்டைச் சோதனை. குறைந்த வேகத்திலும் விரிவடையுமாறு வடிவமைக்கப்பட்ட செப்புச் சன்னத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அன்றேல் சுடும் தூரத்தை இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும். சிறுவர்களும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டுக்கு இறைச்சி செல்லுமாயின், தூரத்தைக் குறைத்துச் செப்பைத் தேர்வதே அறிவுடைமை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பராமரிப்பு

எந்த வேலையும் தொடங்குமுன் போல்ட்டைத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்ய வேண்டும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருத்தலாகாது. துப்புரவு செய்யும்போது நேர்ந்த விபத்து என்று செய்திகளில் வருபவற்றுள் பல, இவ்வொரு நிமிடத்தை மிச்சப்படுத்த முயன்றதன் விளைவுகளே.

போல்ட் பொறியின் பெரும் நன்மை, போல்ட்டை முழுமையாகக் கழற்றிப் பின்புறமிருந்தே குழலைத் துப்புரவு செய்ய முடிவதாகும். குழல் வாயின் விளிம்பில் ஏற்படும் சிறு கீறலும் சன்னத்தின் போக்கைக் கெடுக்குமாதலால், முன்புறமிருந்து கம்பியைச் செலுத்துவதைத் தவிர்க்க வேண்டும். மூட்டுகளற்ற ஒற்றைக் கம்பியும், அது குழலில் உராயாதபடி வழிநடத்தும் குழாயும் அவசியம். கரைப்பானில் தோய்த்த துணித்துண்டு, பின்னர் வெண்கலத் தூரிகை, பின்னர் உலர்ந்த துணி என்பதே வழக்கமான ஒழுங்கு. துணியில் நீலப்பச்சைக் கறை தோன்றினால் செப்புப் படிவு எஞ்சியுள்ளதென்று அறியலாம். அதனை நீக்கும் அமோனியாக் கரைப்பானை இரவு முழுவதும் குழலினுள் ஊறவிடுதல் கூடாது. இறுதியில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. ஆனால் வேட்டைக்குச் செல்லும் நாளில் உலர்ந்த துணியொன்றைச் செலுத்தி அவ்வெண்ணெயை அகற்றிவிட வேண்டும். எண்ணெய் படிந்த குழலின் முதல் வெடி இலக்கிலிருந்து விலகும். வேட்டையில் பெரும்பாலும் கிடைப்பது அந்த முதல் வெடி ஒன்றே.

போல்ட்டின் பூட்டுக் காதுகளுக்குப் பின்னால் கடுகளவு கிறீஸ் போதும். விசைப்பொறிக்குள் எண்ணெய் ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. நாளடைவில் அவ்வெண்ணெய் தூசியுடன் சேர்ந்து பிசினாகி, கொளுவிகள் முழுமையாகப் பொருந்தாதபடி செய்துவிடும். பாதி கொளுவிய விசை எப்போது விடுபடும் என்று எவருக்கும் தெரியாது. போல்ட்டினுள் இருக்கும் அடிமுனைச் சுருளுக்கும் இது பொருந்தும். கடுங்குளிரில் தடித்த எண்ணெய் உறைந்து, அடிமுனை மெதுவாகச் சென்று தோட்டா வெடிக்காமற் போகும். அவ்வாறு வெடிக்காதபோது துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் நீட்டியபடியே சிறிதுநேரம் பொறுத்திருந்து பின்னரே போல்ட்டைத் திறக்க வேண்டும்.

தொலைநோக்கியின் திருகாணிகள் தனிக் கவனத்துக்குரியவை. துப்பாக்கி இலேசானது, தோட்டா வலியது என்பதால் பின்னுதைப்பு மிக விரைவானது. தொலைநோக்கி தன் வளையங்களுக்குள் மெல்ல மெல்ல முன்னோக்கி வழுக்கும். பலர் இரண்டு வளையங்களுக்குப் பதிலாக மூன்று அல்லது நான்கு வளையங்களைப் பூட்டுவது இதற்காகவே. கைவலுவை நம்பி முறுக்காமல், முறுக்கை அளந்து காட்டும் திருப்புளியால் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மாத்திரம் முறுக்க வேண்டும். வளையத் திருகாணிகளுக்கு அது பெரும்பாலும் 15 முதல் 20 அங்குல-இறாத்தல். அதற்கு மேற்சென்றால் தொலைநோக்கியின் குழாயே நசுங்கும். வளையத்தின் ஓரத்தில் பென்சிலால் மெல்லிய கோடொன்று இட்டுவைத்தால், வழுக்கல் ஏற்பட்டதா என்பதை ஒரு பார்வையில் அறியலாம். கண்ணாடி வில்லைகளில் கரைப்பானோ எண்ணெயோ படாதிருக்க வேண்டும்.

பிடிக்கட்டையுடன் பொறியை இணைக்கும் திருகாணிகள் தளர்ந்தால் சூடு சிதறும். குறி பிசகுவதற்குத் தொலைநோக்கியைக் குறைகூறுமுன் இவற்றைச் சோதித்தல் வேண்டும். பழைய நைலோன் கட்டைகளில் திருகாணித் துளைகளைச் சுற்றி வெடிப்புகள் உள்ளனவா எனவும் பார்க்க வேண்டும். ஈரலிப்பான பிரதேசங்களில் கறள் பெரும் எதிரி. பஞ்சு பதித்த பெட்டியில் மாதக்கணக்கில் வைத்தால், பஞ்சு உறிஞ்சிய ஈரம் உருக்கைத் தின்றுவிடும். அப்பெட்டி பயணத்துக்கு மாத்திரமே உரியது.

களஞ்சியப்படுத்தல் கறளோடு முடிவதன்று. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள் என்பது ஆண்டுதோறும் அந்நாட்டுச் சுகாதாரப் புள்ளிவிபரங்கள் காட்டும் உண்மை. துப்பாக்கியைப் பூட்டிய இரும்புப் பெட்டியிலும், தோட்டாக்களை வேறோர் இடத்திலும், போல்ட்டை இயலுமாயின் மூன்றாவதோர் இடத்திலும் வைப்பது, கள்வனுக்கு மாத்திரமன்றி, மனமுடைந்த நிலையிலுள்ள வீட்டவர் ஒருவரின் அந்த ஒரு மணிநேரத்துக்கும் தடையாகும். போல்ட்டை நொடியில் கழற்றிப் பிரிக்க முடிவது இத்துப்பாக்கியின் சிறப்பு. அச்சிறப்பைப் பயன்படுத்துவோர் குறைவு.

பழையதை வாங்குவோரும், தந்தையிடமிருந்து பெற்றோரும் முதலில் நோக்கவேண்டியது தொடர் இலக்கத்தையாகும். 1970களின் நடுப்பகுதிக்கு முன் உற்பத்தியான எக்ஸ்பி-100 துப்பாக்கிகளும், அவற்றோடு உறவுடைய 600, 660 இலக்க ரைபிள்களும் விசைப்பொறிக் குறைபாடு காரணமாக அத்தசாப்தத்தின் இறுதியில் நிறுவனத்தால் மீளழைக்கப்பட்டன. பாதுகாப்புத் தடையும் விசையும் ஒருங்கே இழுபட நேர்ந்தால், பின்னர் தடையை விடுவிக்கும் கணத்தில் விசையைத் தொடாமலே துப்பாக்கி வெடிக்கக்கூடும் என்பதே குறைபாடு. அலுமாரியில் கிடந்து திருத்தப்படாமலேயே அடுத்த தலைமுறையிடம் சென்றவை இன்றும் இருக்கக்கூடும். அவ்வாறானதொன்று கைக்கு வந்தால், திறமையான கம்மியரிடம் காட்டி விசைப்பொறியை மாற்றும்வரை அதில் தோட்டா இடுதல் கூடாது. நடுப்பிடி கொண்ட பழைய மாதிரியில் விசைக்கும் பொறிக்கும் இடையே நீண்ட இணைப்புத் தண்டு ஒன்று இருப்பதால் விசை சற்றே இழுபடுவதுபோல் தோன்றும். அது இயல்பே. அதனைக் கூர்மையாக்குவதாகக் கூறி அரத்தால் தேய்க்க முன்வருபவரிடம் துப்பாக்கியைக் கொடுக்க வேண்டியதில்லை. .221 ஃபயர்போல் தோட்டாக்கள் கடைகளில் எப்போதும் கிடைப்பதில்லை; .222, .223 கோதுகளைக் குறுக்கித் தாமே செய்துகொள்வோர் உளர். அவ்வாறு செய்யும்போது கோதின் கழுத்துச் சுவர் தடித்துவிடுவதால், அளந்து பார்க்காமல் இட்டால் அமுக்கம் அபாய எல்லையைத் தாண்டும். பழைய துப்பாக்கியுடன் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும், எவர் செய்தாரென்று தெரியாத தோட்டாக்களைச் சுடாமல் அகற்றிவிட வேண்டும்.